நெய்யாற்று மீன்களின் வீட்டுப்பெயர்

ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் தடவுவாரே, அந்தக் குளிர்ந்த கூரான வாசனை மூக்கில் ஏறிய உடனே எனக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். மஞ்சளும் நல்லமிளகும் புரட்டிப் பொரித்த கரிமீன் கண்முன் வந்து நிற்கும். போன மாதம் காய்ச்சலுக்குப் போன இடத்தில் நான் சப்புக்கொட்டியதைப் பார்த்த நர்ஸ் பெண், ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டது: "அங்கிள், காலையில ஒண்ணும் சாப்பிடல்லியா?"

அந்தப் பெண்ணிடம் எப்படி விளக்குவது? இதற்கெல்லாம் காரணம் வால்வெட்டி.

நெய்யாறு மலையை விட்டு இறங்கிப் பூவாறு என்ற ஊரில் கடலோடு சேரும்வரை, வால்வெட்டியிடம் வாலைக் காட்டாத கரிமீன் அந்த ஆற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. இது மிகையென்று நினைப்பவர்கள் தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்தப் பக்கத்தில் வாழாதவர்கள். ஒரு சின்னக் கத்தரிக்கோல், தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் கிலுகிலுவென்று சத்தம்போடும் கண்ணாடிக் குப்பிகள். அவர் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் குப்பிச் சத்தம் வந்துவிடும். வேறெந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது. தபால்காரர்கூட கவர்மீது எழுதியிருந்த பெயரை வாசிக்காமல், "வால்வெட்டிக்கு ஒரு லெட்டர்" என்று கீழே நின்று கூவுவார்.

உதியன்குளங்கரையில் தங்கப்பன் அண்ணனின் கூல்பாருக்கு மேலே மூன்று அறைகள். ஒன்றில் நான், அப்போது பாறசாலையில் பாரலல் காலேஜ் என்ற ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் வால்வெட்டி. மூன்றாவதில் அவருடைய குப்பிகள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார், இன்னும் பிஎச்.டி. முடியவில்லை. காலையில் ஆற்றங்கரைக்குப் போவார், மத்தியானம் மீனோடு திரும்புவார். வாலின் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு. அது ஸ்பிரிட்டில் விழும், மிச்ச மீன் எண்ணெயில் விழும். இரண்டு வாசனையும் ஒன்றாகவே எழும்பும். இரண்டு வருஷம் அந்த இரட்டை வாசனைக்குள் உறங்கி எழுந்தவனுக்கு எந்த நர்ஸும் வைத்தியம் பார்க்க முடியாது.

வேலை என்னவென்றால், ஒரே ஆற்றில் இருக்கும் கரிமீன் எல்லாம் ஒரே கூட்டம்தானா என்று கண்டுபிடிப்பது. அணைக்கு மேலே நீர்த்தேக்கத்தில் கிடப்பது ஒரு கூட்டம், கீழே பூவாற்றுப் பொழியில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் கிடப்பது வேறு கூட்டம் என்பது அவருடைய கட்சி. பார்த்தால் சொல்லமுடியாதா என்று கேட்டேன்.

"நிறத்த நம்பாத, மக்கா. மீனு தண்ணிக்கு ஏத்தபடி நிறம் மாறும். நீ பாறசாலையில மலையாளம் பேசிட்டு களியக்காவிளை தாண்டினா தமிழு பேசமாட்டியா? அதுமாதிரியாக்கும். ரத்தத்துக்குள்ள எழுதினது மாறாது. ஒவ்வொரு மீனுக்கும் உள்ள வீட்டுப்பேரு எழுதியிருக்கு, கேட்டியா?"

அந்த எழுத்தில் சில இடங்களில் கீறல்விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருமாம். ஒரு குடும்பத்தில் பத்துத் தடவை வரும், இன்னொன்றில் பதினாலு தடவை. அதை எண்ணுவதற்கு வாரம் ஒருநாள் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்துக்கு பஸ் ஏறுவார். திரும்பும்போது கையில் கறுப்புப் போட்டோக்கள் இருக்கும். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், ஏணிப்படி ஏணிப்படியாய். அறைச்சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தார். ஒருமுறை வாடகை விஷயமாய் மேலே வந்த தங்கப்பன் அண்ணன் அவற்றைப் பார்த்துவிட்டு முகம்வாடி, என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த மனுசனுக்கு இத்தனை எக்ஸ்ரே எடுத்திருக்கானுவளே. பெரிய சீக்காக்கும், இல்லியா?"

"அண்ணே, அது மீனுக்குள்ளது."

"மீனுக்கு எக்ஸ்ரேயா?" என்று திரும்பவும் ஒருமுறை அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அப்பம் ஆளுக்கு சீக்கு வேற எடத்திலயாக்கும்" என்று தலையைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சந்தைக்கதையைச் சொல்லவேண்டும். முதலில் நெய்யாற்றின்கரை மார்க்கெட்டில் மீன்காரிகள் வால்வெட்டியைக் கண்டாலே கூடையை முந்தானையால் மூடுவார்கள். வால் நுனி போன மீனை யார் வாங்குவார்கள்? நண்டு கடித்ததென்பார்கள், எலி கடித்ததென்பார்கள். "ஸாரே, ஒங்க வீட்டுப் பூனைக்க வால வெட்டும்!" என்று ஒருத்தி கூவியது சந்தை முழுக்கக் கேட்டது. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பியது: வால்வெட்டி தொட்ட மீன் கவர்மெண்ட் சோதித்த மீன், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான். வீட்டுக்காரிகள் வந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு வாலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மறுவாரமே மீன்காரிகள் எல்லோரும் ஆளுக்கொரு கத்தரிக்கோல் வாங்கினார்கள். கரிமீனுக்கு வெட்டு. அயிலைக்கு வெட்டு. சாளைக்கு வெட்டு. கருவாட்டுக்கும் ஒரு வெட்டு. தான் வெட்டியது எது, அவர்கள் வெட்டியது எது என்று தெரியாமல் நம்மாள் சந்தை நடுவில் தலையில் கைவைத்து நின்றார்.

"ஸாரே, செரியா வெட்டியிருக்கோமா, பாத்துச் சொல்லுங்க" என்று, முன்பு பூனையைச் சொன்ன அதே மீன்காரி பெருமையோடு ஒரு சூரைமீனின் வாலைத் தூக்கிக் காட்டினாள்.

சாராயக்கடைகளை இழுத்துமூடிய காலம் அது. பஸ்ஸில் ஸ்பிரிட் வாசனை வந்தால் போதும், எக்ஸைஸ்காரர்கள் ஏறிவிடுவார்கள். ஒருநாள் நானும் அவரோடு போனேன். பையில் நாற்பது குப்பி. பஸ்ஸை நிறுத்தி ஏறிய எக்ஸைஸ் கார்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராக எங்கள் சீட்டுக்கு வந்து நின்றார்.

"எந்தா ஸாரே, சஞ்சியில்?"

"மீன் வால்" என்றார் வால்வெட்டி, ஏதோ தேங்காய் என்பதுபோல.

கார்டு ஒரு குப்பியைத் திறந்து மோந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடித்தூள் போல ஒரு துண்டு மிதந்தது. "இதெந்தா, அச்சாறோ?"

ஊறுகாயில்லை என்று வால்வெட்டி விளக்கத் தொடங்கினார். ஆறு, அணை, பொழி, கூட்டம், கீறல்விழுந்த ரெக்கார்டு. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கண்டக்டர் சந்தேகம் கேட்டார். கால்மணிநேரம் கழித்து கார்டு எங்களை விட்டுவிட்டார். விட்டதோடு நில்லாமல், தன் வீட்டுக் கிணற்றில் பன்னிரண்டு வருஷமாய் ஒற்றையாய்க் கிடக்கும் வரால் எந்த ஊர்க்காரன் என்று பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டார். ஒற்றையாய்க் கிடப்பதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. வால்வெட்டி விலாசத்தைக் குறித்துக்கொண்டார். உண்மையிலேயே போனார். அது வேறு கதை.

பேர் பரவிவிட்டது. திருப்புறத்திலிருந்து ஒருநாள் இரண்டு பெண்கள் ஒரு சேவலைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருவரும் அடுத்தடுத்த வீடு. சேவல் என் கோழி அடைகாத்துப் பொரித்தது என்று இவள், இல்லை என் கோழி என்று அவள்.

"நான் மீனுக்கு மட்டும்தான் அம்மா."

"மீனுக்கு வீட்டுப்பேரு உண்டுண்ணா கோழிக்கு இல்லாம போவுமா ஸாரே?"

தப்பித்துக்கொள்ள ஒரு வழி தோன்றியது அவருக்கு. "வால வெட்டணும், சம்மதமா?" என்றார். கதைகளில் இந்த இடத்தில் உண்மையான சொந்தக்காரி கதறுவாள். இங்கே இரண்டு பேரும் ஒரே குரலில், "வெட்டுங்க ஸாரே!" என்றார்கள். சேவல் மட்டும்தான் ஆட்சேபித்தது. கூடையை உதைத்துத் திறந்துகொண்டு மாடிப்படி வழியாக இறங்கி, கூல்பாருக்குள் புகுந்து, சர்பத் கிளாஸ்கள் அடுக்கியிருந்த தட்டில் ஏறி நின்று கூவியது. தங்கப்பன் அண்ணன் அதற்குப் பிறகு அறையைக் காலிசெய்யச் சொல்லி மூன்று முறை மேலே வந்தார். மூன்று முறையும் கரிமீன் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இத்தனை கூத்துக்கும் மேலே ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. பொழிமீனைப் பிடித்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை லட்சக்கணக்கில் வளர்த்து, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவதற்கு மீன்வளத்துறையில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது. மேலே மீன் குறைவு, நிறைய விட்டால் நிறையக் கிடைக்கும் என்பது கணக்கு. ஓணம் முடிந்து ஒரு குழு கூடி முடிவு செய்யப்போகிறது. அந்தக் குழுவின் முன்னால் வால்வெட்டிக்கு அரைமணிநேரம் கொடுத்திருந்தார்கள். மேலாற்று மீன் தனிக்கூட்டம் என்று நிரூபித்தால் திட்டம் நிற்கும். இல்லையென்றால் லாரி வரும்.

"மேல கிடக்கது சின்னக் குடும்பம், மக்கா. லட்சம் பேரு வந்து ஏறினா ரெண்டு தலைமுறையில வீட்டுப்பேரு சொல்ல ஆளிருக்காது. ஒருக்கா கலந்துட்டா பிரிச்செடுக்க முடியாது. பாலுக்க உள்ள ஊத்தின தண்ணி மாதிரி." அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

மேலாற்று வால்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தது ஞானம்மா அக்காவின் வழியாக. காட்டாக்கடையைத் தாண்டி, நீர்த்தேக்கத்தின் கரையில் வீடு. வீட்டுக்காரர் வலைபோடுபவர், அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். அச்சடித்தது போன்ற கையெழுத்து. வால்வெட்டி அவருக்கு ஒரு கத்தரிக்கோலும் குப்பிகளும் கொடுத்துப் பழக்கியிருந்தார். மீன் வலையில் ஏறியதும் வால்நுனியை வெட்டிக் குப்பியில் போடவேண்டும், மீனை விற்றுக்கொள்ளலாம். மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் ஒரு துண்டுச்சீட்டு எழுதி அதையும் குப்பிக்குள்ளேயே போடவேண்டும். நம்பர், தேதி, இடம். மாதம் ஒருமுறை இவர் போய் வாங்கிவருவார். எப்போது போனாலும் குப்பிகள் தயாராய் இருக்கும். ஜூன் மாத இடவப்பாதி மழை கொட்டி அணை நிரம்பித் தளும்பிய மாதத்திலும் தயாராய் இருந்தன. "ஞானம்மா அக்கா மாதிரி ரெண்டுபேரு கிடைச்சா நான் உலகத்தில உள்ள எல்லா ஆத்தையும் முடிச்சிருவேன்" என்பார்.

குழு கூடுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசி போட்டோக்கள் வந்தன. அன்று நான் காலேஜ் விட்டு வந்தபோது அடுத்த அறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டவ் பற்றவைக்கப்படவில்லை. அந்த அறையில் மீன்வாசனை இல்லாமல் நான் பார்த்த முதல் நாள் அது.

"பதினொண்ணு" என்றார்.

"என்ன பதினொண்ணு?"

"மேலாத்து மீனு அறுபது. அதில பதினொண்ணு பொழிக்காரன். அணைக்கு மேல கெடக்குவு."

ஒருவேளை தப்பாகப் பார்த்திருக்கலாமே, ஒரு கோடு அங்கே இங்கே இருந்தால் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் அவர் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னார். "நம்ம ஜங்ஷன்ல நிக்க ஒருத்தன் பேச்சுக்குப் பேச்சு 'ஆக்கும்' போடுதான். அத வச்சு அவன் இந்த ஊருக்காரன்ணு சத்தியம்பண்ண முடியுமா? இங்க பொண்ணு கட்ட வந்தவனா இருக்கலாம். ஆனா எட்டு வார்த்தைய எடு. எட்டும் நம்ம ஊரு வார்த்தையா இருந்தா, அவன் எந்த ஊருச் சட்டைய போட்டாலும் நம்மாளுதான். நான் ஒரு கோட்டப் பாத்துச் சொல்லல்ல. எட்டு எடத்தில பாத்தாச்சு. பதினொண்ணும் பொழிக்காரன்."

மறுநாள் அணைக்கே போய்விட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காவல்காரரிடம், இந்தச் சுவரில் மீன் ஏற வழி உண்டா என்று கேட்டார். காவல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸாரே, இங்க டிக்கெட்டு இல்லாம மனுசனே ஏறமுடியாது."

"ஷட்டர் திறக்கும்போ?"

"அப்பம் மேல உள்ளது கீழ வரும். கீழ உள்ளது மேல வரணும்ணா செறகு வேணும்."

கொக்கு தூக்கிக்கொண்டு வந்திருக்குமோ, முன்பே யாராவது திருட்டுத்தனமாகக் குஞ்சு விட்டிருப்பார்களோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினார். எது எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். மேலே ஏற்கெனவே கலந்துவிட்டது. கலந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கலப்பதற்கு யாரைத் தடுப்பது?

நான் ஒரு யோசனை சொன்னேன். இன்றைக்கும் அதைச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். "அந்தப் பதினொண்ணையும் கிழிச்சுப் போட்டுருங்க. நாப்பத்தொம்பதே போதாதா? யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இவன் என்று. "எலே, அதுகளுக்கு வாய் கிடையாது. அதுகளுக்க கேஸ நான் ஒருத்தன்தான் பேசணும். நானே கள்ளச்சாட்சி சொல்லவா?"

குழுவுக்கு நான்கு நாள் முன்னால், ஞானம்மா அக்காவிடம் சொல்லிவிட்டு வருவோம் என்றார். இரண்டு வருஷமாய் உதவியவர், அவரிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை. போனோம். அக்கா கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் வைத்தார். வால்வெட்டி ஒன்றையும் தொடாமல் விஷயத்தைச் சொன்னார். அறுபதில் பதினொன்று, அணை, கொக்கு, லாரி. முடித்துவிட்டு, "ஒங்க பிரயாசம் எல்லாம் வீணாப் போச்சு அக்கா, மன்னிச்சுக்கணும்" என்றார்.

அக்கா முந்தானையைப் பிடித்து முறுக்கினார். பிரித்தார். திரும்பவும் முறுக்கினார்.

"ஸாரே, மழைமாசத்தில உள்ளதா அது?"

"ஆமா. ஏன்?"

"வெள்ளம் கூடிப்போச்சு ஸாரே. பத்துப் பதினஞ்சு நாளு வலையில ஒண்ணும் ஏறல்ல. நீங்க ரெண்டு பஸ்ஸு மாறி, மழையில நனைஞ்சு இம்புட்டுத் தூரம் வாறிய. வீட்டுக்கு வந்த ஆள வெறும் குப்பியோட எப்பிடித் திருப்பி அனுப்புகது? எங்க அம்மைக்க காலத்திலிருந்து இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வெறுங்கையோட போனதில்ல." மூச்செடுத்துக்கொண்டார். "அதனால மார்க்கெட்டில போயி வாங்கினேன். பூவாத்துக் கரிமீனு. நல்ல மீனு ஸாரே, சீத்தையொண்ணும் இல்ல."

வெளியே வலை காயப்போட்ட கயிறு காற்றில் முனகிக்கொண்டிருந்தது.

"மார்க்கெட்டு மீனுக்கு வால்ல மேல்நுனி எல்லாம் முன்னமே வெட்டிப்போட்டிருந்துது" என்று அக்கா தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "அதனால நான் கீழ்நுனியில வெட்டினேன்."

வால்வெட்டி முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். இரண்டு வருஷ உழைப்பு, குழு, லாரி, எல்லாம் ஒரு சாயாவும் மரச்சீனியும் கொடுக்கும் கையால் கவிழ்ந்திருக்கிறது. "பின்ன எதுக்கு அக்கா சீட்டில மேலாறுண்ணு எழுதினிய?" என்று கத்தினார். அவர் ஒரு பெண்ணிடம் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன்.

அதுவரை தலைகுனிந்து நின்ற அக்கா நிமிர்ந்தார். "நான் எழுதல்ல!" என்றார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்குப் பொய் எழுதாதேண்ணு சொல்லிக் குடுக்க கையாக்கும் இது. நம்பர் எழுதினேன், தேதி எழுதினேன். எடத்த எழுதாம விட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேட்டியளா?"

"சீட்டு! சீட்டப் பாக்கணும்!" என்றார் வால்வெட்டி. பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து ஓடினார். காட்டாக்கடை பஸ் எடுக்கும் நேரம். பின்னால் நான் ஓடினேன். எங்கள் பின்னால் அக்கா, ஒரு வாழையிலையில் மரச்சீனியைப் பொதிந்துகொண்டு, "ஸாரே, ஒண்ணும் தின்னாமப் போறியளே!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார்.

மூன்றாவது அறையில் அறுபது குப்பிகளையும் தரையில் பரப்பினோம். குப்பியைத் திறந்து, சீட்டை எடுத்து, பார்த்து, திரும்பப் போடுவது என்று ஆரம்பித்தோம். அச்சுப்போன்ற எழுத்து, அச்சுப்போன்ற எழுத்து, அச்சுப்போன்ற எழுத்து. பிறகு ஒன்றில் நம்பரும் தேதியும் அக்கா எழுதியது. அதன் கீழே, நண்டு நடந்த தடம்போல, 'மேலாறு'. அது வால்வெட்டியின் கையெழுத்து. அக்கா மறந்துவிட்டார் என்று இவரே ஒவ்வொன்றாகப் பூர்த்திசெய்து வைத்திருந்தார். அடுத்தமுறை போனபோது, "எடம் எழுத மறந்துட்டிய, பரவாயில்ல, நான் எழுதிட்டேன்" என்று அக்காவிடம் சொல்லவும் செய்திருந்தார், எந்த இடம் என்று கேட்கவில்லை.

நண்டு நடந்த சீட்டுகள் பன்னிரண்டு. இவர் நோட்டைப் பிரித்து அந்தப் பதினொரு நம்பர்களை வாசித்தார். நான் குப்பிகளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்று. அடுத்தது. அடுத்தது. பதினொன்றும் அந்தப் பன்னிரண்டுக்குள் இருந்தன. அச்செழுத்துக் குப்பி ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

நான் கைதட்டினேன். இவர் தட்டவில்லை. மேலாற்றுக் கோடுகளோடு மிஞ்சிய அந்தப் பன்னிரண்டாவது குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கள்ளப்பய" என்றார் மெல்ல. "நம்ம ஊரு பேச்சு படிச்சுட்டு வந்திருக்கான்."

பிறகுதான் அவருக்கு உறைத்தது. யாரும் சொல்லாமல், எவருடைய மீன் எதுவென்று தெரியாமல், பன்னிரண்டு வேற்றூர்க்காரர்களில் பதினொருவரை அந்தக் கோடுகள் தாமாகவே பிடித்துக் கொடுத்திருக்கின்றன. இதைவிடப் பெரிய நிரூபணத்தை யாரும் திட்டம்போட்டுச் செய்திருக்க முடியாது. எழுந்தார். வராந்தாவில் நாலு நடை நடந்தார். கீழே குனிந்து, "தங்கப்பண்ணே, மேல வாங்க, இன்னைக்கு நான் வாங்கித்தாறேன் சர்பத்து!" என்று கூவினார். கூல்பார் முதலாளிக்கே சர்பத் வாங்கித்தருவதாய்ச் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

குழுவின் முன்னால் ஒன்றையும் மறைக்கவில்லை. நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மழை, வெறும் குப்பி, மார்க்கெட், கீழ்நுனி, தன்னுடைய நண்டுக் கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னார். முதலில் ஒருவர் இருமினார். பிறகு யாரோ சிரிக்க, மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். தலைமை வகித்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், "அந்த ஸ்திரீக்கு உங்கள் ஆய்வறிக்கையில் நன்றி சொல்வீர்களா?" என்று கேட்டார். "மொதப் பேரே அவியதான் மேடம்" என்றார் வால்வெட்டி. குஞ்சு விடும் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். மேலே விடவேண்டுமென்றால் மேலாற்று மீனின் குஞ்சையே வளர்த்து விடவேண்டும் என்று எழுதினார்கள். லாரி வரவில்லை.

ஜெயித்ததில் ஒரு நஷ்டமும் வந்தது. அந்த அரைமணிநேரத்தைக் கேட்ட யாரோ வடகிழக்கில் ஓர் ஆற்றுக்கு இவரைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் ஒரு மீன், அங்கேயும் ஓர் அணை. ரயிலில் மூன்று நாள் தூரம். எனக்கு அந்த ஆற்றின் பெயர் வாயில் நுழையவில்லை. நுழையவேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

போகிற அன்று உதியன்குளங்கரை பஸ் நிறுத்தத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, அந்தத் துணிப்பை, வழியனுப்ப நாங்கள் மூன்று பேர். தங்கப்பன் அண்ணன், இனி நல்ல ஆளாய்ப் பார்த்து வாடகைக்கு விடப்போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரல் பிசிறிவிட்டது. ஞானம்மா அக்கா ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். பொதிச்சோற்றை நீட்டிவிட்டு, "அங்க உள்ளவியளுக்கு வெட்டச் சொல்லிக்குடுங்க ஸாரே. எடத்த மட்டும் கேட்டு எழுதுங்க" என்றார். வால்வெட்டி பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் விட்டுவிட்டேன். "போய்ச் சேந்ததும் எழுதிப்போடுங்க" என்று மட்டும் சொன்னேன், ஏதோ வங்கி மானேஜரிடம் சொல்வதுபோல.

அவர் தலையாட்டினார். பஸ் உறுமியது. நகர்ந்தது. சட்டென்று ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"எலே மக்கா, அங்க ஒரு ரூமு குடுப்பானுவ. நான் போன உடனே ரெண்டு பாயி வாங்கிப் போடுதேன். ஒண்ணு ஒனக்காக்கும்."